பச்சையம்மாள் சொன்ன ஏழு வரி

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து கலைவாணி ஃபோன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள்.

"அக்கா, இனிமே ரிப்போர்ட்ட மெயில்ல அட்டாச் பண்ணி அனுப்ப வேணாமாம். வெப்சைட்லயே நேரா அடிச்சிடணுமாம். ஃபைல் தொறக்கல, எழுத்து மாறிடுச்சின்னு இனிமே ஒரு தொல்லையும் இல்ல. நீங்க அதோட எவ்ளோ மல்லுக்கட்டினீங்க! அதான் உங்ககிட்ட சொல்லலாம்னு கூப்ட்டேன்" என்றாள்.

"நல்லதும்மா" என்றேன். உண்மையாகவே நல்லதுதான். ஆனால் ஃபோனை வைத்த பிறகு அடுப்படிக்குப் போகத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். கலைவாணிக்குத் தெரிந்தது சில்லறைத் தொல்லைகள். எனக்கு நினைவு வந்தது ஒரே ஒரு ஃபைல். அதைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றது நடந்தபடி.

நான் நன்னடத்தை அலுவலர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள். வீடு மரக்காணத்தில், அலுவலகம் மாவட்டத் தலைநகரில். பெருமுக்கலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திண்டிவனத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் பாஸ் செய்து, தேர்வு எழுதி, கல்யாணத்துக்கு முன்பே வேலைக்கு வந்துவிட்டேன். முதலில் தட்டச்சு இயந்திரமும் கார்பன் தாளும். பிறகு கம்ப்யூட்டர். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. பஸ்ஸில் போனேன், பஸ்ஸில் வந்தேன்.

எங்கள் வேலை என்ன என்று பலருக்குத் தெரியாது. ஆயுள் தண்டனையில் இருக்கும் ஒருவர், மகள் கல்யாணத்துக்கோ வீட்டைப் பார்த்துவிட்டு வரவோ சில நாள் விடுப்பு கேட்டு மனு போடுவார். ஊரில் பரோல் என்பார்கள். மனு சிறையிலிருந்து எங்களுக்கு வரும். எங்கள் அலுவலர் அந்த ஊருக்கே போய் விசாரிக்க வேண்டும். ஆள் வந்தால் ஊரில் கலவரம் ஆகுமா, அவர் உயிருக்கு ஆபத்து உண்டா, எல்லாவற்றுக்கும் மேலாக, பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன சொல்கிறது. இவ்வளவையும் அறிக்கையாக எழுதி அனுப்பினால், சிறையில் படித்துப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

நான் நான்கு அலுவலர்களிடம் வேலை பார்த்தேன். அவர்களில் ஆரோக்கியசாமி சார் மாதிரி இன்னொருவர் இல்லை. ஒல்லியான மனிதர். சத்தமாகப் பேசிப் பார்த்ததில்லை. யாரிடமும் கோபப்பட மாட்டார், ஆனால் அவர் மேஜைக்கு முன்னால் நிற்கும்போது நமக்கே நம் வேலையில் சந்தேகம் வரும். விசாரணைக்குப் போனால் முதலில் இறந்தவர் வீட்டுக்குத்தான் போவார். அதன் பிறகே சிறையில் இருப்பவரின் வீடு. மாறிப் போகவே மாட்டார். "அங்க ஒரு வாய் டீ குடிச்சிட்டு இங்க வந்து நின்னா, அந்த டீ வாசனையிலேயே இவங்க பேசறத நிறுத்திடுவாங்க" என்பார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். பெண்களிடம் வாக்குமூலம் வாங்க வேண்டியிருந்தால் என்னையும் கூட்டிப் போவார்.

அவர்கள் சொல்வதை அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதுவார். நாம் அலுவலகத் தமிழில் "மனுதாரர் வருகைக்கு ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கப்படவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். அவர் அப்படி முடிக்க விடமாட்டார். எழுதி முடித்ததும் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டி, "நீங்க சொன்னது இதானேம்மா?" என்று கேட்டு, அவர்கள் ஆமாம் என்ற பிறகே கையெழுத்து வாங்குவார். அறிக்கையில் அந்தப் பகுதியை மட்டும் தனியாகக் கட்டம் கட்டி வைக்கச் சொல்வார். "மத்ததெல்லாம் நாம எழுதறது தனலட்சுமி. இது ஒண்ணுதான் அவங்க சொல்றது. கண்ணுல படணும்" என்பார்.

மின்னஞ்சல் வந்த பிறகு அறிக்கைகள் இரண்டு வழியாகப் போயின. கையெழுத்திட்ட பிரதி தபாலில் போகும், அது போய்ச்சேர ஒரு வாரம் ஆகும். அதற்கு முன்பே மெயிலில் ஃபைல் போய்விடும். அதை ஸ்கேன் செய்தோ பி.டி.எஃப். ஆகவோ அனுப்பக் கூடாது, வேர்டு ஃபைலாகவே அனுப்ப வேண்டும் என்று சிறையில் கேட்டிருந்தார்கள். எங்கள் பத்திகளை அப்படியே எடுத்துத் தங்கள் குறிப்பில் ஒட்டிக்கொள்ள அதுதான் வசதி.

ஆரம்பத்தில் எங்கள் தமிழ் எழுத்துரு அவர்களிடம் இல்லாமல், பக்கம் பூராவும் கொம்பும் சுழியுமாகத் தெரிந்தது. யூனிகோடு வந்து அது தீர்ந்தது. பிறகு எங்களுக்குப் புது கம்ப்யூட்டர் வந்தது. அதில் சேமித்த ஃபைல் அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. பழைய வடிவத்தில் சேமித்து அனுப்பக் கற்றுக்கொண்டேன். அடுத்து அவர்கள் கம்ப்யூட்டர்களை மாற்றி, காசில்லாமல் கிடைக்கும் வேறொரு மென்பொருளுக்குப் போனார்கள். பழைய வடிவம் வேண்டாம், புதியதே திறக்கும் என்றார்கள். திறந்தது. ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. ஒவ்வொரு முறை அனுப்பியதும் ஃபோன் போட்டு, "தொறக்குதா சார்? எத்தனை பக்கம் இருக்குது?" என்று கேட்பேன். பக்கக் கணக்கும் சரியாக இருந்தால் என் பொறுப்பு முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன். இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோமே என்று ஒரு பெருமையும் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

அப்போதுதான் ஏழுமலையின் மனு வந்தது.

ஊர், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு குப்பம். ஏழுமலையும் சேகரும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் வேலை செய்தவர்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால், வாய்க்காலில் வரும் உப்புத் தண்ணீரை யார் பாத்திக்கு முதலில் திருப்புவது என்று தகராறு வந்தது. ஏழுமலை மண்வெட்டியால் அடித்தார். சேகர் வரப்பிலேயே இறந்துபோனார். ஏழுமலைக்கு ஆயுள் தண்டனை. இப்போது ஏழுமலையின் மகள் கௌசல்யாவுக்குக் கல்யாணம். மூன்று நாள் விடுப்பு கேட்டிருந்தார்.

சேகரின் மனைவி பச்சையம்மாள். ஏழுமலையின் மனைவி அம்சா. இரண்டு பேரும் அதே உப்பளத்தில் கூடை சுமக்கிறார்கள். பதினோரு வருடமாக ஒரே வரப்பில் எதிரெதிரே நடக்கிறார்கள், பேசிக்கொண்டதில்லை.

நாங்கள் போனபோது காலை ஒன்பது மணி இருக்கும். வெயில் ஏறுவதற்குள் வாரிய உப்பைக் கரையேற்றிவிட வேண்டும் என்று பெண்கள் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். சார் வரப்பு முனையிலேயே நின்றுவிட்டார். பச்சையம்மாள் எங்களைப் பார்த்தும் நிற்கவில்லை. கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு, தலைச் சும்மாட்டை உதறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். வூட்டுக்கு வாங்க, இங்க வேணாம்" என்றார்.

வீட்டில் பாய் போட்டு உட்காரச் சொன்னார். தான் கதவை ஒட்டி நின்றார். சார் விஷயத்தைச் சொல்லி, "உங்களுக்கு ஆட்சேபணை இருக்குதுன்னா தாராளமா சொல்லலாம்மா. யாரும் உங்கள ஒண்ணும் கேக்க முடியாது" என்றார்.

பச்சையம்மாள் கையில் ஒட்டியிருந்த உப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன். ஒருவர் மனதுக்குள் போய் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"அவன் செஞ்சத நான் மன்னிக்கல. அத மொதல்ல எழுதிக்குங்க" என்று தொடங்கினார். பிறகு நிறுத்தாமல் சொன்னார். "எம் புருசன் வரப்புல கெடந்தத நான்தான் மொதல்ல பாத்தேன். அது எனக்கு மறக்காது. ஆனா கௌசல்யா அப்ப கவுன் போட்டுக்கினு திரிஞ்ச பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்? எம் பொண்ணு கல்யாணத்துல அப்பன் இல்ல. அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்கு அது வேணாம். வந்து நின்னுட்டுப் போவட்டும். அவன் இருக்கற மூணு நாளும் நான் எந் தங்கச்சி வூட்டுக்குப் போயிக்கிறேன். எனக்கு ஆட்சேபணை இல்ல."

சார் எழுதியதைப் படித்துக் காட்டினார்.

"மன்னிக்கலன்னு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேம்மா. முதல் வரியே அதான்."

அவர் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது பச்சையம்மாள் என்னைப் பார்த்து, "தங்கச்சி முதலியார்சாவடில இருக்குது. இந்த வாரமே சொல்லி வெச்சிடணும்" என்றார். பிறகு நாங்கள் அம்சாவின் வீட்டுக்குப் போனோம். பச்சையம்மாள் என்ன சொன்னார் என்று சார் அங்கே சொல்லவில்லை. சொல்வது வழக்கமும் இல்லை. ஆனால் குப்பத்தில் எது நிற்கும்? பச்சையம்மாள் சரி என்றுவிட்டாள் என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் அறிக்கையை அடித்தேன். பச்சையம்மாளின் வாக்குமூலம் ஏழு வரி வந்தது.

இந்த இடத்தில் என் தவறைச் சொல்ல வேண்டும். அதுவரை கட்டம் கட்டுவதற்கு, ஒரே ஒரு அறை கொண்ட டேபிளை, அதாவது அட்டவணையைப் போட்டு அதற்குள் அடிப்பேன். பழைய வழி, பார்க்கச் சாதாரணமாக இருக்கும். புது கம்ப்யூட்டரில் டெக்ஸ்ட் பாக்ஸ் என்று ஒன்று கிடைத்தது. மெல்லிய நிழலோடு, லேசான சாம்பல் நிறத்தில், வேண்டிய இடத்தில் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். இந்த ஏழு வரி அதற்குள் நன்றாக இருக்கும் என்று பட்டது. "பாதிக்கப்பட்ட தரப்பினரின் கருத்து" என்ற தலைப்புக்குக் கீழே என்டர் தட்டித் தட்டி இடம் விட்டு, அந்த இடத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். அச்செடுத்துப் பார்த்தபோது அழகாகவே இருந்தது. சார் படித்துக் கையெழுத்துப் போட்டார். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. தபால் பிரதியை அனுப்பிவிட்டு, ஃபைலை மெயிலில் அனுப்பினேன். ஃபோன் போட்டேன்.

"தொறக்குதா சார்?"

"தொறந்துடுச்சி மேடம்."

"எத்தனை பக்கம்?"

"மூணு பக்கம் இருக்குதுங்க."

என்னிடமும் மூன்று பக்கம்தான். வைத்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை, தபாலில் ஆணையின் நகல் வந்தது. ஏழுமலையின் மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம் ஒரே வரி. பாதிக்கப்பட்ட தரப்பினரின் கருத்து அறிக்கையில் இடம்பெறவில்லை.

சார் அதை இரண்டு முறை படித்தார். என்னைக் கூப்பிட்டு, "தனலட்சுமி, நம்ம காப்பிய எடுங்க" என்றார். எடுத்தேன். பெட்டி இருந்தது. ஏழு வரியும் இருந்தது. அவரே சிறைக்கு ஃபோன் செய்தார். அங்கே இருந்த எழுத்தர் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, "தலைப்பு இருக்குதுங்க சார். அதுக்குக் கீழ காலியா இருக்குது. பரிந்துரை இருக்குது, ஆனா அதுக்கு ஆதாரம் இல்லன்னு மேல எழுதிட்டாங்க" என்றாராம். எப்படித் தெரிகிறதோ அப்படியே அச்செடுத்து ஃபேக்ஸ் செய்யச் சொன்னார் சார்.

அந்தத் தாள் மெதுவாக வெளியே வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் பக்கம் அப்படியே. இரண்டாம் பக்கத்தில் தலைப்பு. கீழே நான் என்டர் தட்டி விட்ட இடம் மட்டும் வெள்ளையாக. அதற்கும் கீழே "மேற்கண்ட கருத்தைக் கவனத்தில் கொண்டு விடுப்பு வழங்கப் பரிந்துரைக்கிறேன்" என்ற வரி. அவர்களுடைய மென்பொருளுக்கு அந்தப் பெட்டி பிடிபடவில்லை. நான் விட்ட காலி இடம் போகாததால் பக்கக் கணக்கும் குறையவில்லை. தபாலில் போன கையெழுத்துப் பிரதி, ஆணை போட்ட மறுநாள் போய்ச்சேர்ந்து, கோப்பில் வைக்கப்பட்டிருந்தது. முடிந்துபோன மனுவின் தபாலை யார் பிரித்துப் படிப்பார்கள்?

"சார், நான் எப்பவும் போல டேபிள்ல போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"கையெழுத்து என்னுது" என்றார். சிறைக்கு விளக்கக் கடிதம் ஒன்றை அவரே கைப்பட எழுதினார். என்னிடம் அடிக்கக் கொடுக்கவில்லை. அது எனக்குத் தண்டனையா, என்னைக் காப்பாற்றவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு அந்தக் குப்பத்துக்குப் போகணும். நீங்களும் வாங்க."

பச்சையம்மாள் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். ஆணை போட்டதும் அம்சா சிறைக்குப் போயிருக்கிறாள். கருத்து இடம்பெறவில்லை என்பது, ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போவதற்குள், எதிர்த்தரப்பு சம்மதிக்கவில்லை என்று ஆகிவிட்டது. முகத்துக்கு நேரே சரி என்றுவிட்டு, ஆபீசர் காதில் வேறு சொல்லிவிட்டாள் என்று குப்பம் பேசியது. கல்யாணப் பெண் மணவறையில் அழுதாளாம். பச்சையம்மாள் சொன்ன சொல்படி தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். ஏழுமலைக்கு விடுப்பு இல்லை என்று அவருக்கு அங்கே தெரியாது. மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, அவர் முகத்தைப் பார்த்துப் பேச ஆளில்லை.

உப்புக் கூடையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே ஒருவர் நின்று கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். ஐந்து நாளாகப் பச்சையம்மாளுக்குத் தூக்கிவிட யாரும் வரவில்லை. அரைக்கூடை அரைக்கூடையாகத் தானே தூக்கிச் சுமந்திருக்கிறார்.

"படிச்சிக் காமிச்சீங்களே சார்" என்றார். "நான் சொன்னத சொன்ன மாரியே படிச்சிக் காமிச்சிட்டு, அங்க போயி ஏன் மாத்துனீங்க?"

சார் பேச வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "அவர் மாத்தலம்மா. நான்தான். டைப் அடிச்சது நான்" என்றேன். எப்படி நடந்தது என்று சொல்ல முயன்றேன். பெட்டி, கம்ப்யூட்டர், அவர்களுடையது வேறு, நம்முடையது வேறு. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலக் கேட்டது.

பச்சையம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மத்தது எல்லாம் போயிச் சேந்துச்சா?" என்றார்.

"சேந்துச்சும்மா."

"அவன் பேரு, ஊரு, நீங்க எழுதுனது?"

"எல்லாம்."

"அப்ப நான் சொன்னது மட்டும் எப்பிடிம்மா காணாம போவும்?"

என்னிடம் பதில் இருந்தது. சரியான பதில்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதை இரண்டாவது தடவை சொல்ல முடியவில்லை.

சார்தான் கேட்டார்: "அம்மா, நீங்க சொன்னது ரகசியம். வெளிய சொல்ல எனக்கு உரிமை இல்ல. நீங்க சரின்னா, உப்பளத்துல எல்லார் முன்னாடியும் படிக்கிறோம். தப்பு எங்களுதுன்னும் சொல்றோம்."

பச்சையம்மாள் யோசித்தார். "படிங்க. மன்னிக்கலன்னு சொன்னதயும் சேத்துப் படிங்க. அத வுட்டுட்டு நல்லவளாட்டம் காமிக்க வேணாம்."

வரப்பில் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுக் கூடினார்கள். அம்சா கடைசியில் நின்றாள். சார் தாளை என் கையில் கொடுத்தார். தவறு என்னுடையது என்று முதலில் சொன்னேன். பிறகு ஏழு வரியையும் படித்தேன். உப்புக் குவியல்களின் வெளிச்சத்தில் கண் கூசித் தாள் தெரியவில்லை. அதற்குள் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. "அந்தப் பொண்ணுக்கு அது வேணாம்" என்ற இடத்தில் அம்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படித்து முடித்தேன். அம்சா மெதுவாக முன்னால் வந்தாள். பச்சையம்மாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கல்யாணம் முடிஞ்சி போச்சேம்மா" என்றாள். "இத இப்ப வந்து படிக்கிறீங்களே."

அவள் தன் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் கலைந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒருத்தி பச்சையம்மாளின் கூடைக்கு எதிரே போய் நின்று குனிந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கினார்கள்.

அன்றிலிருந்து என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். பெட்டி கிடையாது, கட்டம் கிடையாது, வெறும் பத்தி. ஃபைல் போன பிறகு ஃபோன் போட்டு, பாதிக்கப்பட்டவர்கள் சொன்ன பகுதியைத் திரையில் பார்த்து உரக்கப் படிக்கும்படி சிறை எழுத்தரிடம் சொல்வேன். நான் இங்கே தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பேன். "மேடம், வேற வேலையில்லையா உங்களுக்கு?" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. ஓய்வு பெறும் நாள் வரை விடவில்லை.

ஒன்றரை வருடம் போனது. கௌசல்யாவுக்குக் குழந்தை பிறந்தது. பேரனைப் பார்க்க விடுப்பு கேட்டு ஏழுமலை மறுபடியும் மனு போட்டார். நாங்கள் மறுபடியும் பச்சையம்மாள் வீட்டு வாசலில் நின்றோம். இந்த முறை பாய் போட்டார். தண்ணீர் கொடுத்தார். சார் கேட்க வேண்டியதைக் கேட்டார். போன முறை சொன்னதையே சொல்வார் என்று நான் நிச்சயமாக நம்பியிருந்தேன்.

"வேணாங்க" என்றார்.

சார் பேனாவைத் திறக்காமல் காத்திருந்தார்.

"அன்னிக்கி சொன்னேன். ரெண்டு நாளு சோறு எறங்காம யோசிச்சி வெச்சிருந்து சொன்னது அது. அன்னிக்கி மனசு அப்பிடி இருந்துச்சி. அத நீங்க தொலைச்சிட்டீங்க. மறுபடி அத எங்கேருந்து கொண்டாறது? இப்ப உள்ள தேடிப் பாத்தா இல்ல. இல்லாதத இருக்குதுன்னு சொல்ல மாட்டேன். எனக்கு ஆட்சேபணை இருக்குது. எழுதிக்குங்க."

சார் எழுதினார். என் வாய் சும்மா இருக்க முடியாமல், "ஊர்ல மறுபடியும் பேசுவாங்களேம்மா" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பச்சையம்மாள் கோபப்படவில்லை. "பேசட்டும்" என்றார். "இந்தவாட்டி நான் சொன்னததான பேசுவாங்க."

சார் பச்சையம்மாளுக்குப் படித்துக் காட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஏழுமலைக்கு அந்த விடுப்பு கிடைக்கவில்லை. சில வருடங்கள் கழித்து நன்னடத்தையின் பேரில் விடுதலையாகி வந்தார். அதற்கு முன்பே பச்சையம்மாள் குப்பத்தைவிட்டுத் தங்கையோடு போய் இருந்துகொண்டதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு பேரையும் நான் பிறகு பார்க்கவில்லை. ஆரோக்கியசாமி சார் ஓய்வு பெற்ற மறு வருடம் இறந்துபோனார்.

அந்த இரண்டாவது அறிக்கையை அனுப்பிய பிற்பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெறும் பத்தியாக அடித்து, மெயிலில் சேர்த்து, ஃபோன் போட்டேன். அதே எழுத்தர்தான் எடுத்தார். முதல் முறை மூன்று பக்கம் இருக்கிறது என்று சொன்னவர். அந்தப் பகுதியைப் படிக்கச் சொன்னேன். படிக்க ஆரம்பித்தார். "அத நீங்க தொலைச்சிட்டீங்க" என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"மேடம்... இதயும் படிக்கணுமா?"

"படிங்க சார்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடைசி வரை படித்தார். நான் தாளில் ஒவ்வொரு சொல்லாக விரலை நகர்த்திக்கொண்டு வந்தேன். ஒரு எழுத்துகூட விட்டுப்போகவில்லை. எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.